டர்ன்டேபிளின் அடியில் ஒரு கிரானைட் துண்டு

பழைய டர்ன்டேபிளில் (ரெக்கார்டு பிளேயரில்) சத்தம் தெளிவாக இல்லை என்றதும் பலர் புது கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய முனைப் பகுதி) விலை பார்க்கிறார்கள். முதலில் மேசையைப் பாருங்கள். ஊசி, ரெக்கார்டின் பள்ளத்தில் உள்ள இசையோடு காலடி, ஸ்பீக்கர் அதிர்வு எல்லாவற்றையும் சேர்த்துப் படித்துவிடும்.

சோதனை எளிது. கீறல் விழுந்த பழைய ரெக்கார்டு ஒன்றைச் சுழல விடாமல் வைத்து, ஊசியை அதன் மேல் இறக்குங்கள். வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றாமல் மேசையை விரலால் தட்டுங்கள். ஸ்பீக்கரில் ‘தொம்’ என்று கேட்டால் வேலை இருக்கிறது.

ஸ்பீக்கர் அதே மேசையில் இருக்கிறதா? முதலில் அதை இறக்கி வேறு இடத்தில் வையுங்கள். காசே செலவில்லை, பலன் நிச்சயம்.

அப்புறம் கல். கிரானைட் கடையில் வெட்டி மிஞ்சிய துண்டு கிடைக்கும். 50 × 40 செ.மீ., 2 செ.மீ. தடிமன் என்றால் எடை ஏறக்குறைய 11 கிலோ. அதன் அடியில் மூலைக்கு ஒன்றாக நான்கு ஸ்குவாஷ் பந்துகள். பந்து உருளாமல் இருக்க, 32 மி.மீ. பிவிசி குழாயை 1 செ.மீ. உயர வளையங்களாக அறுத்து அவற்றில் உட்கார வையுங்கள். கனமான கல் மிருதுவான பந்தின் மேல் நிற்கும்போது மெதுவாகத்தான் அசையும். அதைவிட வேகமான அதிர்வுகள் மேலே ஏறாது. மரத் தரை நடக்கும்போது குதிக்கும் வீடுகளில் மட்டும் இது எதிர்மாறான பலனைத் தரலாம். அங்கே சுவரில் அடித்த அலமாரிதான் சரி.

பிளேயரைக் கல்லின் மேல் வைத்ததும் ரசமட்டத்தை எடுங்கள். கல்லில் வைத்துப் பார்த்தால் போதாது, ரெக்கார்டு சுழலும் தட்டின் மேலேயே வைத்து, பந்துகளை நகர்த்தி மட்டம் பிடியுங்கள்.

தட்டின் மேல் கிடக்கும் ரப்பர் மேட்டுக்குப் பதில் கார்க் மேட் வெட்டிப் போடலாம். 30 செ.மீ.க்குச் சற்றே குறைவான வட்டம், நடுவில் அச்சுக்குத் துளை, அவ்வளவுதான். ஆனால் தடிமன் மாறினால் ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) உயரமும் மாற வேண்டும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 பிளேயரில் அதை ஏற்றி இறக்க வளையம் இருக்கிறது. ஆடியோ-டெக்னிகா எல்பி60-இல் இல்லை. அதில் பழைய மேட்டின் தடிமனையே வைத்துக்கொள்ளுங்கள். கார்க் மேட்டால் சத்தத்தில் பெரிய மாற்றம் வரும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

ஊசியின் அழுத்தத்தைச் சரிசெய்ய முடிகிற பிளேயர் என்றால், அதைச் சின்ன டிஜிட்டல் தராசில் அளந்து கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன அளவில் நிறுத்துங்கள். ஆடியோ-டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்கு அது 2 கிராம். ஊசி குதிக்கிறது என்று ஆர்மின் முனையில் காசு ஒட்டுவதை மட்டும் செய்யாதீர்கள், பள்ளம் தேய்ந்துவிடும்.

இப்போது மறுபடி மேசையைத் தட்டிப் பாருங்கள். தொம் அடங்கியும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் தொடர்ந்தால் அது அதிர்வு அல்ல. பிளேயரின் கிரவுண்ட் (எர்த்) ஒயர் ஆம்ப்ளிஃபயரின் திருகில் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்.