மார்கழி, தையில் மதுரைக் கண்மாய்களில் பறவையும் மரமும் பார்க்க

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கண்மாய்களில் தண்ணீர் நிற்கும் மார்கழி முதல் மாசி வரை மதுரைப் பக்கம் வலசைப் பறவைகள் நிறையத் தங்கும். சாமநத்தம் கண்மாயோ உங்கள் ஊர்க் கண்மாயோ, ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒருமுறை அங்கேயே போங்கள்.

போனதும் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்கில் மறுகால் பாயும் அளவுக்கு நிறைந்திருந்தால், உள்ளான்கள் எனும் சிறு கரைப்பறவைகள் இரை பொறுக்கச் சேறு இருக்காது. சுற்றியுள்ள நெல்வயல்களில் தேடுங்கள். தண்ணீர் இறங்கி உள்வாயில் சேறு தெரிந்ததும் அவை விளிம்புக்கு வந்துவிடும்.

காலை 6.30 மணிக்குக் கிழக்குக் கரையில் நில்லுங்கள். வெயில் முதுகில் விழ வேண்டும்; எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்புதான். 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்லென்ஸ்) பைனாகுலர் போதும். வலப்பக்க லென்ஸை மூடி, இடக்கண்ணால் பார்த்தபடி நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, அதே பொருளை வலக்கண்ணால் பார்த்து, வலது கண்பக்க வளையத்தை மட்டும் திருப்புங்கள். இந்த இரண்டாவது வேலையை விட்டுவிட்டால் கண் வலிக்கும்.

உள்ளான்களை நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது. சாதா உள்ளானுக்கு நெஞ்சின் வெள்ளை தோளை ஒட்டி மேலேறும். பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டும். பொரி உள்ளானுக்கு முதுகெங்கும் வெளிர் புள்ளிகள், கண்ணுக்கு மேல் வெளிர் கோடு, பறக்கும்போது வாலடியில் வெள்ளை. நீலச்சிறகி என்ற வலசை வாத்தின் ஆண் டிசம்பரில் பெண்ணைப் போலவே பழுப்பாக இருக்கும். அதன் வெள்ளைப் புருவம் தை, மாசியில்தான் எடுப்பாகத் தெரியும். வாத்துக் கூட்டம் மொத்தமாக எழும்பினால் சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறக்கிறதா என்று பாருங்கள்.

மரங்களில் ஆல், வாகை, கல்யாண முருங்கை அல்லது இலவு, இவற்றில் ஒவ்வொன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அடிமரச் சுற்றளவை அளந்து எழுதுங்கள். வாரந்தோறும் துளிர், முற்றிய இலை, மொட்டு, பூ, காய், பழம் ஆறுக்கும் 'இல்லை, கொஞ்சம், நிறைய' என்று பதியுங்கள். ஆல் பழுத்தால் குயிலும் குக்குறுவானும் சூறைக்குருவிக் கூட்டமும் வரும். இலை உதிர்த்துப் பூக்கும் இலவிலும் கல்யாண முருங்கையிலும் தேன் குடிக்க மைனாக்கள் மொய்க்கும்; அதிகாலையில் போங்கள்.

வாகை இந்த மாதங்களில் இலையை உதிர்த்துவிட்டு நெற்றோடு சலசலத்து நிற்கும். புள்ளி ஆந்தை உட்கார்ந்திருப்பது அப்போதுதான் எளிதில் கண்ணில் படும். பட்டுப்போன மரமென்று வெட்ட வருபவர்களிடம், ஒரு சிறு கிளையின் பட்டையை நகத்தால் சுரண்டி உள்ளே பச்சை இருப்பதைக் காட்டுங்கள். தயவுசெய்து வெட்டவிடாதீர்கள்.

கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் கொக்கும் நாரையும் அடையும். அவை கழுத்தை நிமிர்த்தினாலே நீங்கள் நெருங்கிவிட்டீர்கள், பின்னால் வந்துவிடுங்கள். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கவே கூடாது.

எண்ணும்போது 15 நிமிடமாவது ஒரே இடத்தில் நில்லுங்கள். கூட்டத்தில் முதலில் பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அந்த அளவால் மீதியைப் பத்துப் பத்தாக எண்ணுங்கள். இப்படி எழுதிய பட்டியலை இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றலாம். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கும் இதே முறைதான்.