அறக்கட்டளைக்கு இணையச் சேவை: பணம் கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

சின்ன அறக்கட்டளைகளில் இணையச் செலவு என்றால் இரண்டு குரல்கள் எழும். "எல்லாரும் வெப்சைட் வைத்திருக்கிறார்கள், நாமும் வைப்போம்" என்பார் ஒருவர். "அந்தக் காசுக்குப் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கலாமே" என்பார் இன்னொருவர். இரண்டாமவர் கேட்பது நியாயம், அது ஊரார் கொடுத்த பணம். எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்துக்கு நான் போட்ட கணக்கைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: தேவையை எழுதுங்கள்

"வெப்சைட் வேண்டும்" என்று எழுதாதீர்கள். எந்த வேலை நேரத்தைத் தின்கிறது என்று எழுதுங்கள். எங்கள் கணக்கு அக்கா கார்பன் வைத்து ரசீது எழுதி, அதையே லெட்ஜரில் ஏற்றி, ஆண்டுக் கடைசியில் ஆடிட்டருக்காக மூன்றாம் முறையும் எழுதுவார். பான் எண்ணில் ஓர் எழுத்து புரியாவிட்டால் நன்கொடையாளருக்கு போன் போட வேண்டும். மாதம் மூன்று நாள் இதிலேயே போனது. ஓர் ஆன்லைன் படிவம் வந்தபின் அரை நாள்தான். கணக்குப் போட்ட நோட்டில் பலன் என்ற பத்தியில் முதல் வரியாக இதைத்தான் எழுதினேன்.

படி 2: முழுச் செலவைப் போடுங்கள்

மாதம் 799 ரூபாய் பிராட்பேண்ட் திட்டம், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 942.82 ஆகிறது. வருடத்துக்குச் சுமார் 11,300. ஜிஎஸ்டி பதிவு இல்லாத அறக்கட்டளைக்கு அந்த வரி திரும்பி வராது. டொமைனுக்கு, அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயருக்கு, முதல் வருடச் சலுகை விலையை விட்டுவிட்டு, புதுப்பிக்கும் விலையை எழுதுங்கள்.

படி 3: இலவசமாகக் கிடைப்பது

கூகுள், மைக்ரோசாஃப்ட், கேன்வா மூன்றுமே தகுதியுள்ள தொண்டு நிறுவனங்களுக்கு இலவசத் திட்டங்கள் வைத்திருக்கின்றன. கூகுள் தேடல் விளம்பரத்துக்கு மாதம் 10,000 டாலர் மதிப்பு வரை தருகிறது, பணமாக அல்ல. ஆனால் அந்த விளம்பரங்களைக் கவனிக்க ஓர் ஆள் வாராவாரம் உட்கார வேண்டும். ஒரு தெருவுக்குள் நடக்கும் மையத்துக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. இலவசத் திட்டத்தில் வரும் மின்னஞ்சல் போதும்.

படி 4: நன்கொடை வரும் வழி

வெப்சைட்டில் அட்டை வழியாகப் பணம் வாங்கித் தரும் சேவையான பேமென்ட் கேட்வே 2 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் எடுத்தால், 1,000 ரூபாயில் 23.60 போய்விடும். வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐயில் அனுப்பும் பணத்துக்கு அப்படிப் பிடித்தம் இல்லை. அதனால் உள்ளூர்க்காரர்களுக்கு கியூஆர் அட்டை போதும், பெயரும் பான் எண்ணும் வாங்க மேலே சொன்ன படிவத்தின் இணைப்பை அனுப்பிவிடுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். எஃப்சிஆர்ஏ என்னும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டுப் பணம் வாங்கக் கூடாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட நம் சொந்தக்காரர் அன்பாக 5,000 அனுப்பினாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். கேட்வே வைத்தால் வெளிநாட்டு அட்டைகளை அடைத்துவிடுங்கள்.

படி 5: யார் பெயரில் இருக்கிறது?

எங்களுக்கு நிஜமாகவே வலித்த இடம் இது. முதல் வெப்சைட்டை ஒரு கல்லூரித் தம்பி ஆசையாகச் செய்து கொடுத்தான், டொமைனைத் தன் சொந்த ஜிமெயிலில் வாங்கினான். வேலை கிடைத்து வெளியூர் போனான், போன் எண் மாறியது. புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்கள் யாரும் திறக்காத பெட்டியில் கிடந்தன. ஓடிபி பழைய எண்ணுக்குப் போனது. பெயர் கையை விட்டுப் போனது. லெட்டர்ஹெட், ரசீதுப் புத்தகம், வாசல் போர்டு எல்லாவற்றையும் மாற்றினோம். அவன் மேல் தப்பில்லை, நாங்கள்தான் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும்.

ஆகவே டொமைன் அறக்கட்டளையின் மின்னஞ்சலில் இருக்கட்டும். ஓடிபி அலுவலக எண்ணுக்கு வரட்டும். கடவுச்சொல் இரண்டு அறங்காவலர்களிடம் இருக்கட்டும். புதுப்பிக்கும் தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள்.

படி 6: மார்ச்சில் மறுபடி பாருங்கள்

அப்புறம், வருடா வருடம் அதே நோட்டைத் திறந்து, பயன்படாததை நிறுத்துங்கள். போன மார்ச்சில் நாங்கள் வெப்சைட் ஹோஸ்டிங்கை (வெப்சைட்டை வைத்திருக்கும் சர்வர் வாடகையை) நிறுத்தினோம், பிராட்பேண்டை வைத்துக்கொண்டோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பழைய வினாத்தாள்களை இறக்குவது அதில்தான்.