பன்னீர் ரோஜா: ஒரு குச்சியிலிருந்து ஆண்டு முழுக்கப் பூக்கும் புதர் வரை

ரோஜா வளர்க்க ஆசைப்படும் பலரும் முதலில் வாங்குவது, நர்சரியில் கருப்புக் கவரில் நாலு பூவோடு நிற்கும் ஒட்டுச்செடியைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்று மாதம் நன்றாகப் பூத்தது. பிறகு ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழேயிருந்து ஒரு தளிர் கிளம்பி, தளதளவென்று என் தோளுயரம் வளர்ந்தது. அது வேர்ச்செடியின், அதாவது ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் வேறொரு ரோஜாவின் கிளை என்று யாரோ சொல்லித் தெரிந்துகொள்வதற்குள், மேலே இருந்த சிவப்பு ரோஜா காய்ந்துவிட்டது.

அதனால் முதல் ரோஜாவாக நான் எல்லோருக்கும் சொல்வது பன்னீர் ரோஜா. குச்சியை நட்டாலே வேர் பிடிக்கும். சொந்த வேரில் வளர்வதால், ஆடு மேய்ந்தாலும் அடியோடு வெட்டினாலும் திரும்பத் துளிர்ப்பது அதே பன்னீர் ரோஜாவாகத்தான் இருக்கும். உதிரிப்பூவுக்காகப் பயிரிடும் விவசாயிகள் இதை எட்வர்டு ரோஜா என்பார்கள். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவுக்கு அன்றைக்கு பூர்போன் என்று பெயர். அங்கே 1800களின் தொடக்கத்தில், வேலியாக நட்டிருந்த டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் கலந்து பிறந்த பூர்போன் ரோஜாக் குடும்பம் இது. மணம் டமாஸ்கிடமிருந்து வந்தது. ஒருமுறை பூத்ததோடு நிற்காமல் திரும்பத் திரும்பப் பூக்கும் குணம் சீன ரோஜாவிடமிருந்து வந்தது. வட இந்தியச் சமவெளியில் மற்ற ரோஜாக்களை ஒட்டுக் கட்ட இதையே வேர்ச்செடியாக வைக்கும் அளவுக்குத் திடமான செடி.

குச்சி எடுப்பது

ஆடி, ஆவணியில் மேகமூட்டமான நாட்களோ, மார்கழி, தை மாதங்களின் குளிர்ச்சியோ நல்ல நேரம். சித்திரை வெயிலில் முயலவே வேண்டாம். பூத்து முடிந்த கிளையில், பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளத்துக்கு நாலு கணு வருமாறு வெட்டுங்கள். பச்சைக் கொழுந்து அழுகும், பழுப்பேறிய முதிர்ந்த தண்டு துளிர்க்கச் சோம்பும். இரண்டுக்கும் நடுப்பட்டதே வேண்டும். அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேல்பக்கம் கணுவுக்குக் கால் அங்குலம் மேலேயும் வெட்டினால் எது தலை எது கால் என்ற குழப்பம் வராது. இலைகளை நீக்கிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஒரு தொட்டியில் ஊன்றுங்கள். வேர் ஊக்கி மாவு இருந்தால் தொட்டு நடலாம், இல்லாவிட்டாலும் நட்டம் இல்லை. ஐந்தாறு குச்சியாக நடுங்கள், எல்லாம் பிழைக்காது.

தொட்டியை நிழலில் வையுங்கள். மண் ஈரமாக இருந்தால் போதும், சேறாகக் கூடாது. பத்து, பதினைந்து நாளில் துளிர் வரும்போது வேர் பிடித்துவிட்டது என்று நினைப்போம். குச்சியில் மிச்சமிருக்கும் சத்திலேயே அந்தத் துளிர் வந்துவிடும். வேர் வர ஆறு வாரமாவது ஆகும். இழுத்துப் பார்க்கும் கையை மட்டும் கட்டிவையுங்கள்.

நிலத்தில் நடுவது

ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடம் வேண்டும். இதில் சமரசம் செய்தால் இலை மட்டும்தான் கிடைக்கும். ஒன்றரை அடி ஆழ அகலத்தில் குழியெடுத்து, செம்மண்ணோடு நன்றாக மக்கிய தொழு உரம் இரண்டு மூன்று சட்டியும் இரண்டு கை வேப்பம்புண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். களிமண் நிலமென்றால் மணலும் சேருங்கள், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். செடிக்குச் செடி மூன்றடி இடைவெளி விடுங்கள்.

தண்ணீர் காலையில், வேருக்கு மட்டும். சாயங்காலம் இலை நனைய ஊற்றினால் இரவெல்லாம் ஈரம் நின்று கரும்புள்ளி வரும்.

பறிப்பதில்தான் இருக்கிறது

"முதலில் பூத்தது, இப்போது பூக்கவே இல்லை" என்பவர்களின் செடியைப் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் காம்பு நுனியில் காய்கள் இருக்கும். சாமிக்கு வைக்கப் பூவை மட்டும் கிள்ளியிருப்பார்கள், அல்லது செடியிலேயே உதிரவிட்டிருப்பார்கள். உதிர்ந்த பூ காயானால் செடி தன் பலத்தை விதைக்குக் கொடுக்கும். வெறுமனே கிள்ளினாலோ, மெலிந்த நுனியிலிருந்து மெலிந்த துளிர்தான் வரும்.

பூவிலிருந்து கீழே கண்ணை ஓட்டுங்கள். முதலில் மூன்று சிற்றிலை கொண்ட இலை வரும். அதற்கும் கீழே ஐந்து சிற்றிலை கொண்ட இலை. அதன் இடுக்கில் சின்ன மொட்டு, சிவப்பாக, அரிசி நுனி அளவில் தெரியும். அது செடியின் வெளிப்பக்கம் பார்த்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்குக் கால் அங்குலம் மேலே வெட்டுங்கள். உள்பக்கம் பார்த்தால் அடுத்த ஐந்திலைக்கு இறங்குங்கள். வெட்டிய இடத்தில் புதுக் கிளை வந்து பூக்க ஆறேழு வாரம் ஆகும். ரோஜா புதுக் கிளையின் நுனியில் பூப்பது. ஒவ்வொரு வெட்டும் அடுத்த பூவுக்கான விதைப்பு. பூசைக்குத் தலை மட்டும் வேண்டுமென்றால் காலையில் பூவை எடுத்துக்கொண்டு, மிச்சக் காம்பை அப்போதே ஐந்திலை வரை நறுக்கிவிடுங்கள்.

இத்தனை பூ கொடுக்கும் செடிக்குச் சாப்பாடும் வேண்டும். மாதம் ஒருமுறை இரண்டு கை மண்புழு உரம் போடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மூன்று நாள் ஊறிய கடலைப்புண்ணாக்குக் கரைசலைப் பத்து மடங்கு நீர் சேர்த்து ஊற்றுங்கள். முட்டை ஓடு மக்க நெடுநாள் ஆகும், அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

ஆண்டுக்கு ஒரு கவாத்து

மழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசியிலோ மார்கழித் தொடக்கத்திலோ செய்யலாம். அடைமழையில் வெட்டினால் வெட்டுவாயில் பூஞ்சணம் ஏறும். காய்ந்தது, நோஞ்சான், ஒன்றோடொன்று உரசுவது இவற்றை அடியோடு எடுங்கள். நல்ல கிளைகளைப் பாதி உயரத்துக்குக் குறையுங்கள். பார்க்க மொட்டையாக இருக்கும், மனம் பதறும். தை பிறந்து சில நாளில் மொட்டு வைக்கும்.

பூச்சியும் நோயும்

கோடையில் இலைப்பேனும் செம்பேனும் வரும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். கடையில் வாங்கிய ரசாயன மருந்து அடித்த செடியின் இதழைக் குல்கந்துக்கு எடுக்காதீர்கள்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, கிளை நுனியிலிருந்து கருத்துக்கொண்டே இறங்கும் நுனிக்கருகல். மருந்தைத் தேடி ஓடும் முன் வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் நடுத்தண்டு பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே வெட்டுங்கள், வெள்ளையாகத் தெரியும் வரை. அடுத்த கிளையைத் தொடும் முன் கத்தரியை டெட்டாலில் துடைத்துக்கொள்ளுங்கள்.