பாட்டியின் தேக்கு அலமாரியும் புதிய சோபாவும்: இரண்டு பாணிகளை ஒரே கூடத்தில் இணைக்கும் முறை

பாட்டி வீட்டிலிருந்து வந்த தேக்கு அலமாரி ஒரு சுவரோரம், மெல்லிய கால்களுடைய புதிய சோபா எதிர்ச் சுவரோரம் என்று நிற்கும் கூடத்தைப் பார்த்து, இரண்டில் ஒன்றை விற்றுவிடலாமா என்று எண்ணுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். விற்க வேண்டியதில்லை. செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்கும் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் ஆத்தங்குடியில் கையால் வார்த்த தரைக்கற்களும் சேர்ந்தேதான் இருக்கின்றன. முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த உறுதியான ஒழுங்கு அவற்றையெல்லாம் கட்டிப்பிடித்து வைத்திருக்கிறது. நம் சிறிய அடுக்ககக் கூடத்துக்கும் அப்படி ஓர் ஒழுங்கை முதலில் உண்டாக்க வேண்டும்.

முதல் வேலையாக, மாற்ற முடியாதவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்: தரையின் நிறம், கதவு மரம், வெயில் வரும் சன்னல். அதன் கீழே, எந்த நிலையிலும் பிரிய மனமில்லாத பொருள்களை எழுதுங்கள். பிறகு, ஒரு வாரம் நீங்கள் உண்மையில் எங்கே அமர்கிறீர்கள் என்று கவனியுங்கள். சோபா இருந்தும் தரையில் சாய்ந்தே செய்தித்தாள் படிப்பவருக்கு உயரமான நாற்காலிகள் நிறைந்த பாணி ஒருநாளும் ஒத்துவராது. படங்களைப் பார்த்து நாம் விரும்புவதைவிட, உடம்பு பழகிய இடமே நம் ரசனையைச் சரியாகச் சொல்லும் என்பது என் கருத்து.

அடுத்து, ஒரு பாணியைத் தலைமையாகவும் மற்றொன்றை விருந்தாளியாகவும் வையுங்கள். கண்ணுக்குத் தெரியும் பொருள்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு ஒன்றாகவும் 30 விழுக்காடு மற்றதாகவும் இருக்கட்டும். சரிபாதியாகப் பிரித்தால் கூடம் மரச்சாமான் கடையைப் போலத் தோன்றும். வெள்ளைத் தரையும் பெரிய சன்னலும் உள்ள வீட்டில் எளிய நவீனப் பாணியைத் தலைமையாக்கி, பழைய தேக்கை விருந்தாளியாக வைப்பது தொடக்கநிலையினருக்கு எளிது.

மூன்றாவது, மரத்தின் நிறம். பெரும்பாலான கூடங்கள் தவறிப்போவது இங்கேதான் என்பதால் இதற்கு நேரம் கொடுங்கள். வெளிர் மரமா, அடர் மரமா என்பதைக் காட்டிலும் அதன் உள்நிறம் முக்கியம். பழைய தேக்கில் தேன் போன்ற மஞ்சள் சாயல் இருக்கிறது. ஆகவே, வெளிறியதாக இருந்தாலும் மஞ்சள் சாயலுள்ள ரப்பர் மரமோ ஓக் மரமோ அதனோடு இணங்கிப்போகும், ஆனால் சாம்பல் சாயலுள்ள சன்மைக்கா அதன் பக்கத்தில் உயிரற்றுத் தெரியும். புதிய மேசை வாங்கப் போகும்போது அலமாரியின் இழுப்பறை ஒன்றைக் கழற்றிக் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். கடை விளக்கின் கீழ் ஒப்பிடாமல், வாசல் வெளிச்சத்தில் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டு மரங்கள் ஒத்துப்போகாவிட்டால், நடுவே பிரம்பைக் கொண்டுவரலாம். 1950களில் சண்டிகர் நகரத்துக்காகக் கட்டடக் கலைஞர் பியர் ஜான்னரே வடிவமைத்த நாற்காலிகள் தேக்கும் பிரம்புப் பின்னலும் கொண்டவை. நம் தாத்தாக்களின் சாய்வு நாற்காலியிலும் அதே பிரம்புப் பின்னல் உண்டு. பழமைக்கும் புதுமைக்கும் இவ்வளவு இயல்பாகப் பாலமாகும் வேறொரு பொருளை நான் அறியேன்.

நான்காவது, விருந்தாளிப் பாணியைக் கூடத்தில் மூன்று இடங்களிலாவது காட்டுங்கள். தனியாக நிற்கும் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு வழிதவறி வந்தது போலத் தெரியும். செடி வைத்த பித்தளைப் பாத்திரமும் அலமாரியின் பித்தளைக் கைப்பிடியும் சேர்ந்துவிட்டால், அதுவே திட்டமிட்ட அழகாகிவிடும். பழைய மரப்பெட்டியை டீப்பாயாக வைக்க விரும்பினால், அதன் உயரம் சோபா இருக்கைக்குச் சமமாகவோ ஓரிரு அங்குலம் தாழ்வாகவோ இருக்க வேண்டும்.

துணிகளின் கோடு, பூவேலை போன்ற வடிவங்களில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பவானி ஜமக்காளத்தின் பட்டைக்கோடுகளைத் தரையில் விரித்தால், திரையும் உறையும் ஒற்றை நிறத்தில் இருக்கட்டும். அந்த ஒற்றை நிறத்தை ஜமக்காளத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது, விளக்கு. அதன் ஒளி நிறத்தைக் கெல்வின் என்ற அளவால் குறிப்பார்கள்; எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும். 6500 கெல்வின் அளவுள்ள வெண்ணீல ஒளியில் தேக்கின் தேன் நிறம் முழுவதும் மங்கிவிடும். விளக்குப் பெட்டியில் 2700 முதல் 3000 கெல்வின் வரை அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். சுவர் வண்ணத்தையும் முடிவு செய்யும் முன், இரண்டடிச் சதுரத்துக்குப் பூசி, காலையிலும் நண்பகலிலும் விளக்கு எரியும் இரவிலும் பாருங்கள். ஒரே வண்ணம் மூன்று வேளையும் மூன்று விதமாகத் தெரியும்.

கடைசியாக, ஊஞ்சல். தலைமைப் பாணி எதுவானாலும் ஓர் ஊஞ்சல் பலகை அதில் இடம்பிடித்துவிடும் என்பதால் பலரும் அதை முதலில் வாங்கிவிடுகிறார்கள். ஆனால், கொக்கி மாட்டுவதற்கு முன் கூரைத் தளத்தின் வலிமையைக் கட்டடப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். பொய்க்கூரையில் எக்காரணம் கொண்டும் மாட்டக் கூடாது. பலகை முன்னும் பின்னும் ஆடும் தூரத்தைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடிட்டு, அந்தக் கோட்டுக்குள் சோபாவின் காலோ அலமாரியின் கதவோ வராதபடி மற்றப் பொருள்களை நகர்த்திய பிறகே ஆசாரியை அழையுங்கள்.