மோர்ட்டன் சந்தைக்கு ரயிலில் போங்கள்

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷர் பக்கம் பழைய சந்தை ஊர்களைப் பார்க்கப் போகிறீர்களா? செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து, லண்டன் பேடிங்டனில் காலையிலேயே ரயிலேறி மோர்ட்டன்-இன்-மார்ஷில் இறங்குங்கள். அன்றுதான் அங்கே வாரச்சந்தை. ரோமானியர் போட்ட ஃபாஸ் வே சாலைதான் ஊரின் கடைவீதி. அதன் ஓரத்திலேயே கடை விரிக்கிறார்கள், ரயிலடியிலிருந்து பொடிநடை. காரில் போனால் நிறுத்த இடம் தேடியே பாதிப் பொழுது போய்விடும்.

சந்தை முடித்த கையோடு 801 பஸ் பிடித்தால் ஸ்டோ-ஆன்-த-வோல்ட், அடுத்து போர்ட்டன்-ஆன்-த-வாட்டர். (என் ஓட்டு ஸ்டோவுக்கு, போர்ட்டனில் கூட்டம் நெரியும்.) 2025 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தின் பெரும்பாலான உள்ளூர் பஸ்களில் ஒருவழி டிக்கெட்டுக்கு உச்சவரம்பு 3 பவுண்டுதான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இது சரிப்படாது. சந்தையும் இல்லை, பஸ்ஸும் குறைவு. ஸ்னோஸ்ஹில் மாதிரி உள்ளடங்கிய கிராமங்களுக்குக் கார்தான் வசதி.