கரை ஒதுங்கிய பிளாஸ்டிக்கில் என்னென்ன ஏறி வந்தன என்று பார்ப்பது எப்படி?

கரையில் கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கும்போது நேராகச் சாக்கில் போட்டுவிடாதீர்கள், ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். பை, ஸ்ட்ரா எல்லாம் பெரும்பாலும் வீண்வேலை. மிதவை, பெட்டி, வலைத்துண்டு, கயிற்றுச் சுருள், தெர்மாகோல் கட்டி, இந்த மாதிரி இடுக்கும் சொரசொரப்பும் உள்ளவற்றில்தான் உயிர்கள் ஒட்டியிருக்கும். காற்று கரையை நோக்கி அடித்த மறுநாள், வெயில் ஏறுவதற்குள் போனால் உயிரோடேயே பார்க்கலாம்.

கையுறை கட்டாயம். ஒட்டியிருப்பவற்றில் சில கொட்டும், ஓடுகள் கையைக் கிழிக்கும். தொடுவதற்கு முன்பே, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். அச்சடித்த எழுத்தையும் எடுங்கள், ஆனால் அதை ரொம்ப நம்ப வேண்டாம். பாட்டில் எங்கே தயாரானது என்றுதான் அது சொல்லும், அதைக் கப்பலில் இருந்துகூட யாராவது வீசியிருக்கலாம்.

சரி, எதைப் பார்ப்பது? ரப்பர் மாதிரி காம்பு, அதன் நுனியில் வெளிறிய ஓடு என்று கொத்துக் கொத்தாகத் தொங்கினால் அது காம்புள்ள கொட்டலசு (பார்னக்கிள் என்னும் ஓடுள்ள சிறு கடல் உயிர்). மிதக்கும் பொருள்களில் ஒட்டி நடுக்கடலில் வாழ்வது அது. வேகமாக வளரும் என்பதால், இருப்பதிலேயே பெரியதை அளந்தால் அந்தப் பொருள் குறைந்தது எவ்வளவு காலம் மிதந்திருக்கும் என்று நிபுணர்களால் கணிக்க முடியும். 2014-இல் காணாமல் போன மலேசிய விமானம் எம்எச் 370-இன் இறக்கைப் பாகம் 2015-இல் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் ஒதுங்கியபோது, அதிலும் இதைத்தான் ஆராய்ந்தார்கள்.

காம்பில்லாமல் கூம்பாக ஒட்டிய கொட்டலசு, மட்டி, கடல் சாமந்தி (பூ மாதிரி இருக்கும் கடல் விலங்கு) இருந்தால் கதையே வேறு. இவை பெரும்பாலும் கரையோரத்து உயிர்கள். பொடிசாக இருந்தால் உங்கள் கரைக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கலாம், அதில் ஒன்றுமில்லை. நன்றாக வளர்ந்திருந்து, உங்கள் பாறைகளில் நீங்கள் பார்த்தேயிராத ரகமாகவும் இருந்தால்தான் கவனிக்க வேண்டும். 2011 சுனாமி ஜப்பானிலிருந்து அடித்துப்போன பொருள்களில் ஏறி, 2017 வரை 289 ஜப்பானிய உயிரினங்கள் வட அமெரிக்கக் கரைக்கும் ஹவாய்க்கும் உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதில் மரத்துண்டுகளைக் கப்பல் புழு தின்றுவிட்டது, பிளாஸ்டிக்தான் வருடக்கணக்கில் வந்துகொண்டே இருந்தது. அப்புறம் 2023-இல் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது: வட பசிபிக் நடுக்கடலில் எடுத்த 105 பிளாஸ்டிக் பொருள்களில் சுமார் 70 சதவீதத்தில் கரையோர உயிர்கள் இருந்தன, சில அங்கேயே இனப்பெருக்கமும் செய்துகொண்டிருந்தன.

அதனால்தான் சொல்கிறேன், உயிர் இருக்கிறதே, பாவம் என்று திரும்பக் கடலில் எறியாதீர்கள். பலர் நல்ல மனதோடு செய்வது இது, ஆனால் அந்நிய உயிர் ஒன்று பரவ இதைவிட நல்ல உதவி கிடையாது. கடல் நீரில் கழுவுவதும் அப்படித்தான். ஓதம் எட்டாத உலர்ந்த இடத்துக்குத் தூக்கிப் போங்கள். சந்தேகமானதில் ஒரு சிறு துண்டைப் பையில் போட்டு மூடி, தேதியும் இடமும் பென்சிலால் எழுதி உள்ளேயே வைத்து, பையை ஃப்ரீசரில் வையுங்கள். படங்களை அருகிலுள்ள கடல் உயிரியல் துறைக்கு அனுப்புங்கள். பேனாவால் எழுதினால் ஈரத்தில் கலைந்துபோகும்.