நர்சிங் சேரறதுக்கு முன்னாடி கடனையும் முதல் சம்பளத்தையும் ஒரே தாள்ல எழுதிப் பாருங்க

போன மாசம் நெல்லிக்குப்பத்துல இருந்து எங்க அக்கா பொண்ணு ஒரு காலேஜ் நோட்டீசை எடுத்துக்கிட்டு வந்தா. பிளஸ் டூ முடிச்சிருக்கா. "சித்தி, ஜிஎன்எம் நர்சிங் டிப்ளமோ சேரலாம்னு இருக்கேன், ஃபீசுக்கு லோன் அவங்களே வாங்கித் தர்றாங்களாம், முடிச்சா நாப்பதாயிரம் சம்பளமாம்"ங்கறா. நான் பாண்டில தனியார் ஆஸ்பத்திரில பதினோரு வருஷமா ஸ்டாஃப் நர்ஸ், என் முதல் சம்பளத்துல கடன் போக கையில நின்னது பஸ் காசு மட்டும்தான், அதனால அவளை உக்கார வெச்சு பழைய காலண்டர் தாள் ஒண்ணை கிழிச்சு பின்பக்கம் கணக்கு போட்டோம். அதையே படிப்படியா எழுதறேன், நீங்களும் பேனா எடுத்துக்கோங்க.

ஸ்டெப் 1: அது நர்சிங் கோர்ஸ் தானானு பாருங்க

ஏஎன்எம்ங்கற துணை நர்ஸ் படிப்பு 2 வருஷம், ஜிஎன்எம் 3 வருஷம், பிஎஸ்சி நர்சிங் 4 வருஷம். இந்த மூணுல ஏதாவது ஒண்ணு முடிச்சாதான் நர்சிங் கவுன்சில்ல பதிய முடியும். ஆறு மாசம், ஒரு வருஷம்னு "நர்சிங் அசிஸ்டன்ட்" சர்டிபிகேட் குடுக்கற இடங்கள் நம்ம பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கு, யூனிஃபார்ம் எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கும், ஆனா அதை வெச்சு ரெஜிஸ்டர்டு நர்ஸ் ஆக முடியாது, அதுக்கு கடன் வாங்கவே வாங்காதீங்க. இந்தியன் நர்சிங் கவுன்சில் வெப்சைட்ல காலேஜ் பேர் இருக்கானு நீங்களே தேடிப் பாருங்க, அவங்க காட்டற ஜெராக்ஸை நம்ப வேண்டாம்.

பிஎஸ்சிக்கு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி வேணும். ஜிஎன்எம்-க்கு மத்த குரூப் பிள்ளைங்களும் வரலாம். அரசு சீட்டுக்கு அப்ளை பண்ணிட்டு அப்புறம் தனியாருக்குப் போங்க. புதுச்சேரின்னா அரசு சீட்டுக்கு சேர்க்கை நடத்தற சென்டாக், ஜிப்மர்லயும் பிஎஸ்சி நர்சிங் இருக்கு.

ஸ்டெப் 2: நோட்டீஸ்ல இருக்கற ஃபீசை நம்பாம முழு செலவை எழுதுங்க

இவ கொண்டு வந்த நோட்டீஸ்ல வருஷம் 60,000னு பெருசா போட்டிருந்துது. ஆபீசுக்கு போன் போட்டு ஒண்ணொண்ணா கேட்டேன். யூனிஃபார்ம், ஷூ, புத்தகம், பரீட்சை ஃபீஸ், கிளினிக்கல் போஸ்டிங்னு ஆஸ்பத்திரி பயிற்சிக்கு போற வண்டிக் காசு எல்லாம் சேத்தா 70,000. ஹாஸ்டலும் மெஸ்சும் தனியா 50,000. ஆக வருஷத்துக்கு 1,20,000, மூணு வருஷத்துக்கு 3,60,000. இதை எழுத எழுத அக்கா முகம் மாறிப்போச்சு.

ஸ்டெப் 3: படிக்கும்போதே கடன் எவ்ளோ வளருதுனு பாருங்க

இங்கதான் எல்லாரும் ஏமாந்து போறோம். படிக்கற வரைக்கும், முடிச்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கட்ட வேண்டாம்னு சொல்லுவாங்க, அது சரிதான், ஆனா வட்டி முதல் நாள்ல இருந்தே ஓடும். 10 சதவீதம்னு வெச்சுக்கோங்க. முதல் வருஷம் வாங்கின 1,20,000க்கு 4 வருஷ வட்டி 48,000, ரெண்டாம் வருஷத்துக்கு 36,000, மூணாம் வருஷத்துக்கு 24,000, மொத்தம் 1,08,000. தவணை ஆரம்பிக்கற அன்னைக்கு உங்க கடன் 3,60,000 இல்ல, 4,68,000. ஏழு வருஷத்துல அடைச்சா மாசம் சுமார் 7,770. பதினஞ்சு வருஷம்னா 5,030 தான், ஆனா மொத்தமா 9 லட்சத்துக்கு மேல கட்டியிருப்பீங்க.

ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, 4 லட்சம் வரைக்கும் கல்விக் கடனுக்கு அடமானம் கேக்கக் கூடாதுனு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. நிலப் பத்திரத்தை கையில எடுத்துக்கிட்டு பேங்குக்கு போகாதீங்க.

ஸ்டெப் 4: கைக்கு வர்ற சம்பளத்தை எழுதுங்க

அந்த நாப்பதாயிரம் பொய்னு சொல்ல மாட்டேன், ஜிப்மர் மாதிரி மத்திய அரசு ஆஸ்பத்திரில நர்சிங் ஆபீசருக்கு அடிப்படை சம்பளமே 44,900. ஆனா அது முதல் வேலை இல்ல. எய்ம்ஸ் மாதிரி ஆஸ்பத்திரி நர்ஸ் வேலைக்கு எய்ம்ஸ் நடத்தற நார்செட் பரீட்சை எழுதணும்னா ஜிஎன்எம் முடிச்சவங்களுக்கு 50 படுக்கை ஆஸ்பத்திரில 2 வருஷ அனுபவம் வேணும். அந்த ரெண்டு வருஷம் நீங்க என்ன சம்பளத்துல இருக்கப் போறீங்க, அதுதான் கேள்வி.

மதியம் ஷிப்ட் மாறற நேரத்துல கடலூர்லயோ பாண்டிலயோ ஏதாவது ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு வேலைக்கு சேந்து ஒரு வருஷம் ஆன பிள்ளைங்ககிட்ட கேளுங்க, தங்கச்சி கைக்கு எவ்ளோமா வருதுனு, சொல்லுவாங்க. 15,000னு சொன்னா பேசிக் முழுசுக்கும் பிஎஃப் பிடிச்சா 1,800, இஎஸ்ஐ 113, கையில 13,087. 2016ல உச்ச நீதிமன்றம் சொல்லி அமைச்ச கமிட்டி, 50 படுக்கைக்கு குறைவான ஆஸ்பத்திரியா இருந்தாலும் 20,000க்கு குறையக் கூடாதுனு பரிந்துரை பண்ணிச்சு. நைட் டூட்டி பாத்து கால் வீங்கி வர்ற பிள்ளைங்களுக்கு அது இன்னும் போய் சேரலையேனு எனக்கு தினமும் வயிறு எரியுது.

ஸ்டெப் 5: ரெண்டையும் பக்கத்துல வைங்க

13,087ல 7,770 போனா மீதி 5,317. இதுல சாப்பாடு, பஸ், வீட்டுக்கு என்ன குடுப்பீங்க? தவணை சம்பளத்துல மூணுல ஒரு பங்கை தாண்டக் கூடாதுங்கறது என் கணக்கு. தாண்டினா நர்சிங்கையே விட வேண்டாம், செலவை வெட்டுங்க.

நாங்க ஹாஸ்டலை வெட்டினோம். வீட்ல இருந்து பஸ்ல போய்ட்டு வர்ற மாதிரி வேற காலேஜ், அங்கயும் மத்த செலவோட 70,000தான். கடன் 2,10,000, வட்டி 63,000, ஏழு வருஷத் தவணை சுமார் 4,530. மூணுல ஒரு பங்குக்கு கிட்டத்தட்ட வந்துடுச்சு. இன்னொண்ணு, அவ ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளி, தமிழ்நாடு அரசோட புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 வரும். 70,000க்கு முதல் வருஷ வட்டி மாசம் 583தான், அதை அந்த ஆயிரத்துல இருந்தே அப்பப்போ கட்டிடலாம். ரெண்டாம் வருஷம் 1,167 ஆகும், அக்கா மேல கொஞ்சம் போட்டுக்கறேன்னுட்டா.

ஸ்டெப் 6: பாண்டு பேப்பரை படிங்க

சில இடத்துல படிச்சு முடிச்சதும் அவங்க ஆஸ்பத்திரியிலயே ரெண்டு வருஷம் வேலை பாக்கணும்னு எழுதி வாங்குவாங்க. நான் படிச்ச இடத்துல அப்படித்தான் கையெழுத்து வாங்கிக்கிட்டு ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் வெச்சுக்கிட்டாங்க, அதிக சம்பளத்துக்கு வேற எடம் கிடைச்சும் போக முடியல. எவ்ளோ சம்பளம், எத்தனை மாசம், பாதியில விட்டா எவ்ளோ கட்டணும், எத்தனை படுக்கை ஆஸ்பத்திரி, இந்த நாலையும் கேட்டு எழுத்துல வாங்குங்க. ஒரிஜினலை சரி பாக்க மட்டும் காட்டுங்க, குடுத்தே ஆகணும்னா தேதி போட்ட ரசீது வாங்குங்க, கையெழுத்து போடற ஒவ்வொரு பக்கத்தையும் அங்கயே போன்ல போட்டோ எடுத்துடுங்க.